கைகோத்து நிற்கும் காசு

"என் செருப்புக்குள்ள அந்தக் காசை வச்சது நீங்கதானே, அத்தை?"

"ஆமா, வச்சேன். நீ கொண்டுவந்த செம்புக்காசு லட்சணத்துக்கு..."

"செம்போ துரும்போ, அது எங்க வீட்டுக் காசு. நீங்க வச்சது..."

"வெள்ளிடி! வெள்ளி! உங்க பரம்பரையில எவளாவது வெள்ளியை மிதிச்சு ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்காளா?"

"தீவுக்கு விரட்டப்பட்டவ மூஞ்சி போட்ட வெள்ளி. அதை மிதிச்ச நாள்லேர்ந்து என் கை..."

"கை, கை, கை! எழுந்தா கை, படுத்தா கை! வேலைக்கு உடம்பு வணங்கலேன்னா நேரா சொல்லேன்!"

"வணங்காத உடம்பா? என் கை ஓடினதாலதான் உங்க அடுப்புல விறகு எரிஞ்சுது. உங்க பிள்ளை இருக்காரே, விளக்குத் திரியை நகத்தால கிள்ளிச் சின்னதாக்குற உத்தமர்..."

"என் பிள்ளையைச் சொன்னே, வாய் கோணிப்போயிடும்!"

கோணத்தான் போனது. ஆனால் நேவியாவின் வாய் அல்ல.

நடந்ததைச் சொல்கிறேன். ஒஸ்தியாத் துறைமுகத்தில், கயிற்றுக்கடைச் சந்தில் நடந்தது. அவர்கள் மாடிக்கும் என் மாடிக்கும் நடுவே இருந்தது நாணல் தட்டியில் மண் பூசிய ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நான் வாழ்த்துவேன். பேயாவது பிசாசாவது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தாராளமாகப் பிதுக்கலாம். நேவியாவும் பிதுக்கியவள்தான். அவள் பிதுக்கிய பிதுக்கலுக்கு முன்னால் உங்களுடையது எம்மாத்திரம்?

நேவியா கொண்டை தைக்கிறவள். ஆமாம், தைக்கிறவள்தான். பணக்காரப் பெண்களின் பின்னலை அடுக்கடுக்காகச் சுற்றி, எலும்பு ஊசியும் கம்பளி நூலும் கொண்டு தலையோடு தைத்துவிடுவாள். வருகிற ஒவ்வொருத்தியும் முந்தானையிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டுவாள். கூலிக்கு அல்ல. "இதுல ராணி எப்படிச் சீவியிருக்காளோ, அப்படியே எனக்கு" என்று காட்டுவதற்கு. அரண்மனையில் எவள் தலை எப்படி மாறினாலும் அது காசில் ஏறி, எங்கள் சந்து வரைக்கும் வந்து, நேவியாவின் விரலில் முடியும். தலைக்குள் ஒன்றும் இல்லாதவர்களுக்கு வெளியிலாவது ஏதாவது வேண்டாமா என்பாள். அவளுக்கென்று இருந்த சொத்து அந்த வலது கை ஒன்றுதான்.

அப்படிப்பட்டவள் போய் எக்ரிலியுஸுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

கயிற்றுக்கடைக்காரன். பழைய நங்கூரக் கயிற்றைப் பிரித்து, புதுக் கயிற்றோடு முறுக்கிப் புதுசென்று விற்பவன். அவனிடம் எதைப் பார்த்தாள் என்று நானே கேட்டேன். அவள் சொன்னது இது. முதல் பெண்டாட்டி ஒப்பியா அதற்கு முந்தின கோடையில் காய்ச்சலில் செத்தாள். சிதையில் வைத்த பிறகு, நெருப்பு வைப்பதற்கு முன்னால், எக்ரிலியுஸ் குனிந்து அவள் வாயில் முத்தம் கொடுத்தான். புருஷன் கடைசி முத்தம் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அவன் நிமிரவே இல்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் ஒப்பாரியை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஊரே மூக்கைச் சிந்தியது. அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் எத்தனை புருஷன்மார் அந்த முத்தத்தால் ஏச்சு வாங்கினார்கள் தெரியுமா!

"செத்தவளுக்கே அவ்வளவுன்னா, உசிரோட இருக்கறவளுக்கு எவ்வளவு இருக்கும், பெரியம்மா?" என்றாள் நேவியா.

கெட்டிக்காரி. கெட்டிக்காரிகள் ஏமாறுவதைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

கல்யாணத்தன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் மணப்பெண் புகுந்த வீட்டுக்கு மூன்று காசு கொண்டுபோக வேண்டும். கையில் ஒன்று, அது புருஷனுக்கு. இடுப்புப் பையில் ஒன்று, அது முச்சந்தித் தெய்வங்களுக்கு. செருப்புக்குள் ஒன்று, அது அந்த வீட்டுத் தெய்வத்துக்கு. நேவியாவின் அப்பா படகுக்குத் தார் பூசுகிறவர். மூன்றும் செம்பு. வாசலில் மாமியார் சல்வியா குனிந்து மருமகளின் செருப்பைப் பார்த்தாள். கயிற்று வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சல்வியாவுக்கு மானம் போயிற்று. உள்ளே ஓடி, பிள்ளையின் பெட்டியைக் குடைந்து, கந்தல் துணியில் முடிந்திருந்த ஒரு வெள்ளிக்காசை எடுத்துவந்து செருப்புக்குள் திணித்தாள்.

உள்ளே போய் அதை வீட்டுத் தெய்வத்தின் மாடத்தில் வைக்கும்போதுதான் நேவியா முகம் பார்த்தாள். ஒரு பக்கம் இளைய சக்கரவர்த்தியின் மனைவி. அந்தத் தலையை நேவியா எத்தனை பேருக்குத் தைத்திருக்கிறாள்! மறுபக்கம் சக்கரவர்த்தியும் அவளும் வலது கையோடு வலது கை கோத்து நிற்கிறார்கள். சுற்றிலும் எழுத்து. அழியாத ஒற்றுமை என்று.

ஒற்றுமை! கட்டிலருகே வரவிடமாட்டான், பந்தியில் பக்கத்தில் உட்காரவிடமாட்டான் என்று துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். காசு அடித்த ஈரம் காய்வதற்குள் மாமனாரைக் கொன்று, இவளைத் தீவுக்கு விரட்டிவிட்டான். சிலையெல்லாம் உடைத்தாயிற்று. வெள்ளியை உடைக்க யாருக்கு மனசு வரும்? அதனால் காசில் மட்டும் இன்னும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தக் கோத்த கைகளுக்குக் குறுக்கே ஆழமாக ஒரு கத்திக் கீறல். உள்ளே செம்பா என்று யாரோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மாடத்தில் காசைப் பார்த்ததும் எக்ரிலியுஸின் முகம் வெளுத்தது. எடுக்கக் கையை நீட்டினான். சல்வியா பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி போட்டாள்.

"தெய்வத்துக்குக் கொடுத்ததை எடுப்பியாடா, தரித்திரம்!"

கஞ்சன், வெள்ளி போச்சே என்று வயிறு எரிகிறான் என்றுதான் நேவியா நினைத்தாள். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் நினைத்தோம்.

மறுநாள் உச்சிவேளை. மீன்சாற்று வியாபாரியின் மனைவிக்குக் கொண்டை தைத்துக்கொண்டிருந்தாள். கடைகளெல்லாம் பலகை போட்டாயிற்று. தெருவில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. வெயில் தரையில் கட்டம் போட்டிருந்தது.

அவளுடைய வலது உள்ளங்கைக்குள் இன்னொரு கை வந்து நுழைந்தது.

ஊசி விழுந்தது. டிக்.

"என்னடி, தரையிலயா தைக்கிறே?" என்றாள் வந்தவள்.

நேவியா தன் கையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தன. நீட்டப் பார்த்தாள். நீளவில்லை. கிணற்று நீரில் வைத்ததுபோல் குளிர்ந்திருந்தது. வெயில் கட்டம் நகர்ந்து சுவரில் ஏறிய பிறகுதான் விட்டது.

வாதம் என்றாள். வைத்தியன் வாத்துக் கொழுப்பைத் தடவச் சொன்னான். தடவினாள். அந்த நாற்றத்துக்கு இரண்டு வாடிக்கைக்காரிகள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். கை சரியாகவில்லை. ஒவ்வொரு உச்சிவேளையும் வந்தது. வர வர நீண்டது. முதலில் விரல்கள் மரத்தன. பிறகு மணிக்கட்டு. ஊசியைக் கையில் பிடிக்க முடிந்தது, ஆனால் பிடித்திருப்பது தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனித்தாள். அந்தக் கைக்கு ஒரு வடிவம் இருந்தது. மெலிந்த கை. சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளியே வளைந்து, அவள் மணிக்கட்டின் பக்கத்தில் தனியாகக் குத்தியது.

அதை மாமியாரிடம் சொன்னாள். சல்வியா முட்டைக்கோசைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"உனக்கு யார் சொன்னா?"

"எதை?"

"ஒப்பியாவுக்குச் சுண்டுவிரல் கோணல்னு."

"யாரும் சொல்லலையே, அத்தை..."

கரண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது, கொஞ்சம் வேகமாக. "யாரோ சொல்லியிருப்பாங்க. ஊர் வாய். நீயும் அதைப் பிடிச்சுக்கிட்டு நாடகம் ஆடறே."

மாடத்திலும் ஒரு பிசகு. கைகோத்த ஜோடி மேலே தெரியும்படிதான் நேவியா காசை வைத்திருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு பார்த்தால் புரண்டு கிடக்கும். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் மேலே. திருப்பி வைப்பாள். மறுநாளும் புரண்டிருக்கும்.

ஒரு நாள் திருப்பி வைக்க எடுத்தபோது கையில் ஈரம் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். தண்ணீர் இல்லை. எண்ணெய் இல்லை.

எச்சில்.

அதற்குப் பிறகு அவள் உதட்டைப் பிதுக்கியதை நான் பார்க்கவில்லை.

ஒருநாள் அந்தக் கை அவளை இழுத்தது. முதலில் மாடத்தை நோக்கி. பிறகு கட்டிலை நோக்கி. கட்டிலில் எக்ரிலியுஸ் வாயைத் திறந்துகொண்டு மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வாய்க்கு நேராக அவள் கை போய் நின்றது. பதறிப்போய்க் கால்களை ஊன்றி நின்றுவிட்டாள்.

இப்படியே போய், மே மாதத்தில் ஒரு நாள் காலையில்தான் நீங்கள் முதலில் கேட்ட சண்டை. அன்று ராத்திரி மொச்சை எறிகிற ராத்திரி. மே மாதத்தில் மூன்று ராத்திரிகள் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். வீட்டுத் தலைவன் நடுநிசியில் வெறுங்காலோடு எழுந்து, கறுப்பு மொச்சைக்கொட்டையைப் பின்னால் எறிந்துகொண்டே வீடு முழுக்க நடக்க வேண்டும். பேய் பின்னால் பொறுக்கிக்கொண்டே வரும். அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசியில் வெண்கலத் தட்டைத் தட்டிப் போகச் சொன்னால் போய்விடும். மற்றவர்கள் தட்டுச் சத்தம் கேட்கும் வரை முக்காடு போட்டுப் படுத்திருக்க வேண்டும்.

சண்டைக்கு நடுவே எக்ரிலியுஸ் மாடிப்படியில் வந்து நின்றான்.

"உங்க முதல் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறா. கொஞ்சம் சொல்லுங்க அவகிட்ட" என்றாள் நேவியா.

"ராத்திரிதான் மொச்சை எறியப்போறேனே, போயிடுவா" என்றான். பிறகு யாரையும் பார்க்காமல், "அந்தக் காசை வேணா மாடத்துலேர்ந்து எடுத்துடலாமா?" என்றான்.

"எடுத்தா உன் கை விளங்காது!" என்றாள் சல்வியா.

"இங்க விளங்காம இருக்கறது என் கை!" என்றாள் நேவியா. "இன்னிக்கு ராத்திரியோட அவ போகலேன்னா நான் போறேன். இருக்கற கொஞ்ச நஞ்ச கையாவது மிஞ்சட்டும். இது போனா எனக்கு என்ன இருக்கு? உங்க பிள்ளையோட மட்கிப்போன கயிறா?"

சாயங்காலம் எக்ரிலியுஸ் என் கடைக்கு வந்தான். நான் கடலையும் மொச்சையும் வேகவைத்து, சுடுமதுவோடு விற்கிறவள்.

"கறுப்பு மொச்சை இருக்கா? வேகவைக்காதது."

"இருக்கு. நல்லதா, பூச்சி விழுந்ததா?"

"பூச்சி விழுந்ததே போதும். பேய்க்குத்தானே."

"உன் பெண்டாட்டிக்குப்பா."

"செத்தவங்களுக்குப் பல்லா இருக்கு?" என்று சிரித்தான்.

நல்ல பற்கள் அவனுக்கு. கடைசியாக அன்றுதான் பார்த்தேன்.

நடுநிசி.

முக்காட்டுக்குள் நேவியா விழித்திருந்தாள். அந்தப் பக்கத்து அறையில் சல்வியாவின் மூச்சு. சுவருக்கு இந்தப் பக்கம் நான். என் காதில் விழுந்ததும் அவள் பிறகு சொன்னதும் இம்மி பிசகவில்லை.

எக்ரிலியுஸ் எழுந்தான். கை கழுவும் சத்தம். விரல்களுக்கு நடுவே கட்டைவிரலை நுழைத்துக்கொண்டிருப்பான், பேய் எதிரே வராமல் இருக்க. அந்த வீட்டு வழக்கப்படி மொச்சையை வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தோளுக்குப் பின்னால் துப்ப வேண்டும்.

அதற்கு முன்னால் மாடத்துப் பக்கம் ஏதோ உரசியது. மெல்ல. ஒரே ஒரு தடவை.

பிறகு நடந்தான்.

"த்தூ."

டொக்.

"இதைக் கொடுக்கிறேன். இதைக் கொடுத்து என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்கிறேன்." வாய் நிறைய மொச்சை. கடனே என்று முணுமுணுத்தான்.

"த்தூ."

டொக்.

நேவியாவின் கைக்குள் அந்தக் கை வந்தது. இது உச்சிவேளை இல்லை. ஆனாலும் வந்தது. இவ்வளவு இறுக்கமாக இதுவரை வந்ததில்லை. கோணல் சுண்டுவிரல் மணிக்கட்டு நரம்பின் மேல் அழுந்தியது. முழங்கை வரைக்கும் குளிர் ஏறியது. தோள் வரைக்கும்...

நேவியா பல்லைக் கடித்தாள். பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது அவளுக்கு. முக்காட்டுக்குள்ளேயே, மெதுவாக, முகத்துக்கு நேரே பேசுவதுபோல் பேசினாள்.

"இதோ பாரு, உன் புருஷன் உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. எனக்கு வேண்டாம் அந்த ஆளு. என் கையை விடு. நான் பிழைக்கணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு அந்தக் கை விட்டது.

விரல் விரலாக. சுண்டுவிரல் கடைசியாக.

இரத்தம் பாய்ந்தது. கை சுட்டது. நேவியாவுக்கு அழுகை வந்தது.

வெளியே...

"த்தூ."

சத்தம் இல்லை.

மொச்சை தரையில் விழவில்லை.

"இதைக் கொடுக்கிறேன்..." எக்ரிலியுஸும் கவனித்துவிட்டான். குரல் மெலிந்தது. "இதைக் கொடுத்து என்னையும்..."

"த்தூ."

சத்தம் இல்லை.

அவன் ஒரு அடி வைத்தான்.

அவனுக்குப் பின்னால் இன்னொரு அடி.

இவன் நின்றான். அதுவும் நின்றது.

"அம்மா?" என்றான்.

சல்வியா அந்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"நேவியா?"

நேவியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பக் கூடாது. அவனுக்குத் தெரியும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

பலகை முனகியது. ஒரு குதிகால் தரையில் தேய்ந்து திரும்பும் சத்தம்...

திரும்பிவிட்டான்.

"ம்..."

அவ்வளவுதான். யாரோ வாயை அடைத்ததுபோல.

பிறகு அமைதி.

நீளமான அமைதி. எனக்குச் சிதையடி ஞாபகம் வந்தது. அன்றும் இப்படித்தான். நிமிரவே இல்லை... நிமிரவே இல்லை...

க்ளிங்.

வெள்ளி. தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, சுழன்று...

படுத்தது.

நேவியா விளக்கோடு வெளியே வந்தாள்.

எக்ரிலியுஸ் நடுக்கூடத்தில் நின்றான். கழுத்து கொஞ்சம் குனிந்திருந்தது, குள்ளமான ஒருத்திக்காகக் குனிந்ததுபோல. வாய் ஒரு பக்கம் கோணித் திறந்திருந்தது. முன்பற்கள் இல்லை. இரத்தமும் இல்லை. உதடு முழுக்கச் சாம்பல். தாடையில் சாம்பல்.

"வாயில என்னங்க?"

அவன் பேசவில்லை. கண் மட்டும் தரையைக் காட்டியது.

அவள் பாதத்துக்குப் பக்கத்தில் காசு. கைகோத்த ஜோடி மேலே. ஈரமாக.

மாடத்தைப் பார்த்தாள். காலி. அம்மா தூங்குகிறாள், பெண்டாட்டி முக்காட்டில் இருக்கிறாள் என்று அவனே எடுத்து மொச்சையோடு வாயில் ஒளித்துக்கொண்டானா? அல்லது வேறு யாராவது அவன் வாயில் கொண்டுவந்து வைத்தார்களா? அவனைக் கேட்க முடியாது. அன்று போன பேச்சு அவன் சாகும்வரை திரும்பவில்லை. விளக்கைத் தாழ்த்தி மூலை முடுக்கெல்லாம் தேடினாள். இரண்டு மொச்சைதான் கிடந்தன. மற்றதெல்லாம் எங்கே?

வெண்கலத் தட்டு தட்டப்படவே இல்லை. போ என்று சொல்ல அந்த வீட்டில் வாய் இல்லை. இன்றைக்கும் அந்த மாடிக்குக் குடிவருகிறவர்கள் அடுத்த வாடகைக்கு நிற்பதில்லை.

விடிந்ததும் சல்வியா தெருவைக் கூட்டினாள். மருமகள் சூனியம் வைத்துவிட்டாளாம். நேவியா ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். வலது கையால். காசைத் துணியில் முடிந்துகொண்டாள்.

"எங்கடி அந்தக் காசைக் கொண்டுபோறே?"

"உரியவங்ககிட்ட."

"யாரு உரியவங்க?"

"உங்க பிள்ளையைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

நானும் கூடப் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லறைகள் வரிசையாக இருக்கும் சாலையில், ஒப்பியாவின் தங்கை தெர்துல்லா இருந்தாள். அக்கா செத்த பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்காதவள். சாம்பல் கலயம் அவளுடைய காவலில்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"ஓ, புதுப் பெண்டாட்டியா? வா வா. அந்தப் புண்ணியவான் சௌக்கியமா?"

"உங்க அக்காகிட்ட இதைச் சேர்த்துடுங்க." நேவியா முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். "நீங்க அந்த வீட்டுப் பக்கம் வராம இருந்தது நல்லதுக்குத்தான். ஆனா கலயத்தைத் திறந்து இதை உள்ள போட்டுடுங்க. அவளுக்கு இதுதான் வேணும்னு நினைக்கிறேன்."

தெர்துல்லா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். காசைப் பார்த்தாள். வாங்கி வெயிலில் பிடித்தாள். கீறலின் மேல் நகத்தை வைத்துத் தடவினாள்.

"இது எங்க கிடைச்சுது?"

"எங்க வீட்டு மாடத்துல இருந்தது. அதுக்கு முன்னாடி அவர் பெட்டியில."

"பொய்."

"எதுக்குப் பொய் சொல்லணும்?"

"இந்தக் கீறல் எங்க அக்கா போட்டது. சக்கரவர்த்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அடிச்ச காசுன்னு எங்கப்பா அவ கல்யாணத்துக்குக் கொடுத்தார். பெத்த அப்பா கொடுத்ததையே நம்பாம, கத்தியெடுத்துக் கீறிப் பார்த்தா அவ. அப்படி ஒரு ஜென்மம். மாமியார் கண்ணுல படாம கழுத்துப் பையில வச்சிருந்தா."

"அப்புறம் அது அவர்கிட்ட..."

"போக முடியாது. சொல்றேன் கேளு." என்றாள் தெர்துல்லா. "அவ செத்தப்ப, செத்தவங்களை ஆத்தைத் தாண்டி விடற படகுக்காரனுக்குக் கொடுக்க வாயில ஒரு காசு வைக்கணுமே, அதுக்கு உன் புருஷன் தேஞ்சுபோன ஒரு செம்புக்காசை நீட்டினான். நான் அதைத் தூக்கி எறிஞ்சேன். அவன் பார்க்கப் பார்க்க, இந்தக் கையால, இந்த வெள்ளியை அவ நாக்குக்கு அடியில வச்சு வாயை மூடினேன். காசில்லாம ஆத்தங்கரையில நின்னு அவ கெஞ்சக் கூடாதுன்னு. அப்புறம் சிதை வரைக்கும் பக்கத்தை விட்டு நகரலை."

"யாரும் தொடலையா?"

"யாரும் கிட்டவே வரலை. நெருப்பு வைக்கற வரைக்கும் நான் அங்கதான் நின்னேன். கடைசியா அவளைத் தொட்டது உன் புருஷன் ஒருத்தன்தான். அதுவும் கையாலகூட இல்ல..."

தெர்துல்லா பாதியில் நிறுத்தினாள். காசு அவள் உள்ளங்கையில் இருந்தது. கைகோத்த ஜோடி மேலே.

நேவியா அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அந்த முத்தம்... எவ்வளவு நேரம், அக்கா?"